கடலை என்றால் எந்தக் கடலை? சமையல் பட்டியல் போடும் கம்ப்யூட்டருக்கு எல்லைப்புறம் எழுதித் தரவேண்டிய குறிப்பு

எல்லைப்புறத் தமிழர் வீடுகளில் "கடலை" என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. "புட்டுக்குக் கடலை வாங்கி வா" என்றால் அது கொண்டைக்கடலை. "கொறிக்கக் கடலை" என்றால் நிலக்கடலை. கடலை எண்ணெய் நிலக்கடலையில் ஆட்டியது. கடலை மாவு கடலைப்பருப்பில் அரைத்தது. வாளையாறுக்குக் கிழக்கே கோவை மாவட்டத்துக் கிராமங்களில் வெறுமனே கடலை என்றால் பெரும்பாலும் நிலக்கடலைதான். வாளையாறுக்கு மேற்கே மலையாளத்தில் "கடல" என்றால் கொண்டைக்கடலை. நிலக்கடலைக்குக் "கப்பலண்டி" என்று தனிப் பெயர் உண்டு. சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பிள்ளைகள் இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. கடைக்குப் போய் வந்தே தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் கடைக்குப் போயறியாத ஓர் ஆள் இப்போது சமையலறை வாசலில் வந்து நிற்கிறது. அதுதான் "ஏ.ஐ. ஏஜெண்ட்" எனப்படும் கம்ப்யூட்டர் உதவியாளர். நிலக்கடலை ஒவ்வாத குழந்தை உள்ள வீட்டில், "கடலை வேண்டாம்" என்று தாயார் சொன்ன சொல்லை அது கொண்டைக்கடலை என்று எடுத்துக்கொண்டு, நிலக்கடலைச் சட்னியைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? நிலக்கடலை ஒவ்வாமை சிலருக்கு உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது. ஆகவே இது கேலிக்குரிய விஷயம் அல்ல. அந்த உதவியாளருக்கு எதை, எப்படி எழுதிக் கொடுத்தால் இப்படிப்பட்ட தவறு நேராது என்பது இன்று உலகெங்கும் புரோகிராம் எழுதுவோர் கையில் உள்ள கேள்வி. அதில் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

புதிதாக வந்த பொறுப்பாளர்

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதோடு நின்றது. ஏஜெண்ட் அப்படி நிற்பதில்லை. "வீட்டில் ஐந்து பேர், அம்மாவுக்கு நீரிழிவு, வாரம் ஒரு நாள் மீன், இந்த வாரத்துக்குப் பட்டியல் போட்டுச் சாமான் கணக்கும் எழுது" என்று ஒருவர் சொன்னால், அது தானாகவே வேறொரு புரோகிராமைத் திறந்து, அதன் கட்டங்களை நிரப்பி, வந்த விடையை வாங்கி, அடுத்த வேலைக்குப் போகிறது.

உணவுத் திட்டம் போடும் புரோகிராம்கள் ஏற்கனவே பல உள்ளன. மீலி, டான்டூர், குரோசி போன்றவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தங்கள் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளலாம். சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைப்பது, நாள்வாரியாகப் பட்டியலிடுவது, வாங்கவேண்டிய சாமான்களைத் தொகுப்பது ஆகியவை இவற்றின் வேலை. இவை மனிதர்கள் பார்த்துப் பயன்படுத்துவதற்காக எழுந்தவை. திரையில் ஒரு கட்டம் புரியாவிட்டால் மனிதன் அதை விட்டுவிடுவான். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான். ஏஜெண்டோ பெரும்பாலும் ஊகித்து நிரப்பிவிடும்.

ரயில்வேயில் இதற்கு ஒப்பான ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனியாக "ஸ்டேஷன் ஒர்க்கிங் ரூல்ஸ்" என்ற புத்தகம் இருக்கிறது. எத்தனை லைன், எந்த சிக்னல் எங்கே, கேட் எங்கே, ஏதாவது பழுதானால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். வேறு ஊரிலிருந்து மாற்றாக வரும் ஸ்டேஷன் மாஸ்டர் இருபது வருட அனுபவம் உள்ளவராக இருக்கலாம். ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்திட்ட பிறகே அந்த ஸ்டேஷனில் பொறுப்பேற்கலாம். பொது அறிவு வேறு, அந்த ஸ்டேஷனைப் பற்றிய அறிவு வேறு என்பதே இதன் பொருள். ஏஜெண்ட் என்பதும் அப்படி வந்த மாற்று ஸ்டேஷன் மாஸ்டர்தான். நிறையப் படித்தது; ஆனால் நம் ஸ்டேஷனைப் பார்த்ததில்லை.

இந்த நோக்கத்துக்காகவே சில பொது ஏற்பாடுகளும் வந்துள்ளன. அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் "மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்" என்ற முறையை வெளியிட்டது. இதன்படி ஒவ்வொரு கருவியும் தன் பெயர் என்ன, தான் செய்யும் வேலை என்ன, தனக்குத் தரவேண்டிய விவரங்கள் எவை என்பதை ஏஜெண்டுக்கு எழுத்தில் சொல்லவேண்டும். ஏஜெண்டுக்குத் தெரிவது அந்த எழுத்து மட்டுமே.

குன்னூரில் தொடங்கிய கணக்கு

உணவைக் கணக்கிட்டு எழுதுவது நம் பகுதிக்குப் புதிதல்ல. அட்டப்பாடியை ஒட்டிய நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில், 1918-ல் ராபர்ட் மக்காரிஸன் பெரிபெரி நோய் ஆராய்ச்சிக்காக ஒரு சிறு பிரிவைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து 1958-ல் ஹைதராபாத்துக்கு மாறியது. அதன் இன்றைய பெயர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். குன்னூரில் இருந்தபோது அதன் டைரக்டராக விளங்கிய எய்க்ராய்ட் 1937-ல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். இந்திய உணவுப் பொருள்களின் சத்தும், திருப்தியான உணவுத் திட்டம் போடும் முறையும் என்பதே அதன் பொருள். எல்லையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க ஊரில், ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, சமையல் பட்டியல் போடுவதற்குக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அதே நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்து விவரங்கள் உள்ளன.

அட்டவணை இருந்தால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு பிரசித்தமான கதை இருக்கிறது.

ஐந்நூறு காலன் வினிகர்

1945-ல் ஜார்ஜ் ஸ்டிக்ளர் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு மனிதனுக்கு வேண்டிய சத்துக்கள் அனைத்தும் கிடைக்கவேண்டும். செலவு மிகக் குறைவாக இருக்கவேண்டும். அப்படியானால் எதையெல்லாம் சாப்பிடலாம்? 77 உணவுப் பொருள்களையும் ஒன்பது சத்துக்களையும் வைத்துக்கொண்டு அவர் கண்ட விடை ஆண்டுக்கு 39 டாலர் 93 சென்ட். அதில் கோதுமை மாவு, பால், முட்டைக்கோஸ், கீரை, உலர்ந்த பயறு இவ்வளவுதான்.

1947-ல் ஜார்ஜ் டான்ட்ஸிக் கண்டுபிடித்த கணித முறையில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். மேஜைக் கணக்கு யந்திரங்களோடு ஒன்பது குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள். ஒரே ஆள் செய்தால் 120 நாள் பிடிக்கும் வேலை அது. வந்த விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்ளர் கணக்கிலிருந்து 24 சென்ட்தான் வித்தியாசம்.

பின்னர் டான்ட்ஸிக் தம் உடல் எடையைக் குறைக்க நினைத்து, தமக்கே ஒரு பட்டியல் போடும்படி கம்ப்யூட்டரிடம் கேட்டார். வயிறு நிறைந்தாற்போல் இருக்கவேண்டும், கலோரி மீறக்கூடாது என்பது நிபந்தனை. கம்ப்யூட்டர் தந்த பட்டியலில் 500 காலன் வினிகர் இருந்தது! வினிகரில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பது அதற்குக் கொடுத்த விவரத்தில் இல்லை. வினிகரை நீக்கிவிட்டுக் கேட்டபோது, நாளொன்றுக்கு 200 சூப் கட்டிகள் சாப்பிடச் சொன்னது. உப்புக்கு மேல்வரம்பு எதுவும் எழுதப்படவில்லை.

கம்ப்யூட்டர் கணக்கில் தவறவில்லை. எழுதாமல் விட்டதை அது அறியவில்லை, அவ்வளவே. இன்றைய ஏஜெண்ட் டான்ட்ஸிக் காலத்து யந்திரத்தைவிட எவ்வளவோ கெட்டிக்காரம். 500 காலன் வினிகர் என்றால் அதுவே சந்தேகப்படும். ஆனால் கப்பலண்டிக்கும் கொண்டைக்கடலைக்கும் இடையில் வரும் தவறு அவ்வளவு பெரிதாகத் தெரியாது. பார்வைக்கு ஒழுங்கான பட்டியலுக்குள் அது ஒளிந்திருக்கும். அதுதான் அதிக ஆபத்து.

அரிசியா, சோறா?

குறிப்பில் முதலில் தெளிவுபடுத்த வேண்டியது அளவு. ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ஒரே சொல்தான். பெரும்பாலான புரோகிராம்கள் ஆங்கிலத்தில் எழுந்தவை. சத்து அட்டவணைகளோ பெரும்பாலும் சமைக்காத பொருளுக்குக் கணக்குச் சொல்பவை. 100 கிராம் அரிசியில் சுமார் 356 கலோரி. அதைச் சமைத்தால் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று மடங்கு எடையுள்ள சோறாகிறது.

ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர், தேனி மாவட்டத்திலிருந்து விடியற்காலையில் கம்பம்மெட்டு ஏறி வருபவர், தூக்குச் சட்டியில் 300 கிராம் சோறு கொண்டுவந்தால் அதில் ஏறக்குறைய 400 கலோரிதான் இருக்கும். அதை 300 கிராம் அரிசி என்று புரோகிராம் எடுத்துக்கொண்டால் 1,000 கலோரிக்கு மேல் கணக்கெழுதும். "இவருக்குப் போதிய உணவு கிடைக்கிறது" என்று முடிவு சொல்லிவிடும். வயிறு அரைகுறையாக இருக்க, காகிதத்தில் நிறைந்துவிடும். "எடைகள் எல்லாம் சமைக்காத நிலையில், கிராமில்" என்ற ஒரு வரி இந்தத் தவறைத் தடுக்கும். படி, நாழி என்று சொன்னால் ஊருக்கு ஊர் மாறும். அதற்கும் கிராம் கணக்கு எழுதவேண்டும்.

வெற்றிடம் பேசாது

அடுத்தது, நிரப்பாத கட்டம். ஒவ்வாமை என்ற கட்டம் காலியாக இருந்தால் அதற்கு என்ன பொருள்? ஒவ்வாமை இல்லை என்பதா, அல்லது யாரும் கேட்கவில்லை என்பதா? இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மனித சமையற்காரர் சந்தேகம் வந்தால் கேட்பார். ஏஜெண்டுக்குக் கேட்கும்படி எழுதியிருக்க வேண்டும்.

மூன்றாவது, செய்யத்தக்கதும் தகாததும். பட்டியலைப் பார்ப்பது வேறு. பழைய பட்டியலை அழிப்பது வேறு. கடைக்கு ஆர்டர் கொடுத்துப் பணம் கட்டுவது வேறு. எதை ஏஜெண்ட் தானே செய்யலாம், எதற்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும் என்று பிரித்துச் சொல்லவேண்டும்.

நான்காவது, பொருள் கிடைக்காதபோது செய்யவேண்டியது. ராகி அட்டவணையில் இல்லையென்றால் ஓட்ஸை வைத்துக்கொள் என்று ஏஜெண்ட் தானாக முடிவு செய்யக்கூடாது. "இந்தப் பொருள் இல்லை" என்று கருவி தெளிவாகச் சொல்ல, ஏஜெண்ட் அதை வீட்டுக்காரரிடம் அப்படியே சொல்லவேண்டும்.

ஐந்தாவது, எங்கிருந்தோ வந்து சேரும் சமையல் குறிப்புக்குள் "எல்லாப் பட்டியலையும் அழித்துவிடு" என்று யாராவது விஷமமாக எழுதி வைத்திருந்தால், அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சமையல் குறிப்பு என்பது படிக்கவேண்டிய விவரம். வீட்டுக்காரர் சொல்தான் கட்டளை.

இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு கருவிக்குக் குறிப்பு எழுதினால் அது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வாரப் பட்டியல் போடு: ஒரு குடும்பத்துக்கு ஏழு நாள் உணவுப் பட்டியல் தரும். பட்டியல் மட்டுமே தரும், சாமான் வாங்காது, நோய்க்கு வைத்தியம் சொல்லாது. ஆள் எண்ணிக்கை: முழு எண், கட்டாயம். ஒவ்வாமை: பொருள்களின் பெயர், கட்டாயம், ஒன்றுமில்லை என்றால் 'இல்லை' என்று எழுதவும், வீட்டாரைக் கேட்காமல் 'இல்லை' என்று எழுதக்கூடாது. எடை: சமைக்காத நிலையில், கிராமில். வெறுமனே 'கடலை' என்று வந்தால், எந்தக் கடலை என்று கேட்டபின் தொடரவும்."

இவ்வளவுதான். நீட்டி முழக்கத் தேவையில்லை. ஏஜெண்ட் ஒவ்வொரு முறையும் இதைப் படித்தாகவேண்டும். கதை வளர்த்தால் முக்கியமான வரி அமுங்கிப்போகும்.

ஆனால் குறிப்பு எழுதியதோடு கடமை முடிந்துவிடாது. "லைன் காலியில்லாதபோது சிக்னல் தராதே" என்று ரூல் புத்தகத்தில் எழுதிய ரயில்வே அதோடு நிற்கவில்லை. தவறாக இழுத்தாலும் லீவர் நகராதபடி பூட்டும் வைத்தது. அதேபோல, ஒவ்வாமைக் கட்டம் நிரம்பாமல் வந்தால் பட்டியல் தர மறுக்கும்படி புரோகிராமையே எழுதவேண்டும். குறிப்பு வழிகாட்டும், பூட்டு காக்கும்.

எல்லைப்புற அகராதி

இத்தனையும் எந்த ஊர் புரோகிராமுக்கும் பொருந்தும். எல்லைப்புறத்துக்கென்று தனியாக வேண்டியது ஒரு சொற்பட்டியல்.

மலையாளத்தில் "முளகு" என்றால் மிளகாய். மிளகுக்குக் "குருமுளகு" என்று பெயர். தமிழில் மிளகு மிளகுதான். "இரண்டு ஸ்பூன்" என்று எழுதிய குறிப்பில் ஒன்று மற்றொன்றாக மாறினால் சாப்பிடுபவர் பாடு திண்டாட்டம்தான்.

மலையாளத்தில் "சர்க்கர" என்றால் வெல்லம். வெள்ளைச் சீனிக்குப் "பஞ்சசார". 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் சர்க்கரை கரும்பு வெல்லமே. தமிழில் சர்க்கரை என்றால் பொதுவாக வெள்ளைச் சர்க்கரை. ஆனால் சர்க்கரைப் பொங்கல் வைப்பதோ வெல்லத்தில்! மூணாறு எஸ்டேட்டுகளில் தென்மாவட்டத்துக் குடும்பங்கள் "சீனி" என்கின்றன. நீரிழிவுக்காரருக்கு இரண்டுமே ஆகாது என்பது வேறு விஷயம். விலையும் பதமும் வேறு. சாமான் கணக்கு எழுதும்போது தவறு வரும்.

"உப்பேரி" என்றால் பாலக்காட்டில் காய்கறிப் பொரியல். கேரளத்தின் வேறு பகுதிகளில் அதே சொல் எண்ணெயில் வறுத்த நேந்திரங்காய் வறுவலைக் குறிக்கும். "மத்தங்கா" நம் பூசணி, "கும்பளங்கா" வெண்பூசணி. "கப்பை" என்பதை மரவள்ளி என்பார் உண்டு, குச்சிக்கிழங்கு என்பாரும் உண்டு. "பயறு" என்று மட்டும் சொன்னால் சிறுபயறா, தட்டைப்பயறா என்று கேட்கவேண்டும்.

இந்தச் சொற்களை வேறு ஊரிலிருந்து புரோகிராம் எழுதுபவர் அறியமாட்டார். இரண்டு மொழியும் புழங்கும் அடுக்களையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அட்டப்பாடியின் பாடம்

சொல் மட்டுமல்ல, பொருளே பட்டியலில் விடுபட்டுப் போவதும் உண்டு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் ராகியில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு வெள்ளை அரிசியில் பத்து மில்லிகிராம்கூட இல்லை. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் மக்கள் ராகி, சாமை, தினை, துவரை, அவரை விளைவித்து உண்டவர்கள். காலப்போக்கில் அந்த நிலங்களும் பயிர்களும் சுருங்கின. 2013-ல் அங்கு நிகழ்ந்த குழந்தை மரணங்கள் நாடு முழுவதும் செய்தியாயின. அதன் பின்னர் குடும்பஸ்ரீ மூலம் சமுதாய சமையற்கூடங்கள் நடத்தப்பட்டன. 2017-ல் சிறுதானியங்களை மீட்கும் திட்டம் தொடங்கியது. 2022-ல் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரையும் அட்டப்பாடித் துவரையும் புவிசார் குறியீடு பெற்றன. அதே ஆண்டு இடுக்கி மாவட்டத்தின் காந்தல்லூர்-வட்டவடை வெள்ளைப்பூண்டுக்கும் அது கிடைத்தது.

இந்த மண்ணின் பயிரை அறியாத புரோகிராமிடம் அட்டப்பாடிக் குழந்தைக்குப் பட்டியல் கேட்டால், சத்துக் கணக்கு சரியாக இருக்கலாம்; ஆனால் அகளி கடைத்தெருவில் கிடைக்காத பொருளும், கைக்கு எட்டாத விலையும் அதில் இருக்கும். ஆகவே எங்கே, எந்த மாதம், எது விளையும் என்பதும் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பட்டியல் பசியாற்றாது. நிலமும் கூலியும் ரேஷனும் ஒழுங்காக இருந்தால்தான் பட்டியலில் உள்ளது இலைக்கு வரும். நல்ல குறிப்பு செய்யக்கூடியதெல்லாம், இருப்பதைச் சரியாகப் பங்கிட உதவுவதும், தவறான உணவு தட்டில் விழாமல் தடுப்பதும்தான்.

யார் எழுதுவது?

2025 ஜூனில் கேரளத்தில் அங்கன்வாடிகளுக்குப் புதிய உணவுப் பட்டியல் வெளியிடப்பட்டது. உப்புமாவுக்குப் பதில் பிரியாணி வேண்டும் என்று ஒரு சிறு குழந்தை கேட்ட வீடியோவே அதற்குத் தூண்டுதல். முட்டைப் பிரியாணியும் பட்டியலில் இடம்பெற்றது. சாப்பிடுகிறவர் வாய் திறந்து சொன்னது பட்டியலை மாற்றியது. அங்கன்வாடிக் கணக்குகளோ 2021 முதல் "போஷன் டிராக்கர்" என்ற செயலியில் ஏறி வருகின்றன. கணக்கு கம்ப்யூட்டருக்குப் போனபின் பட்டியல் போடும் வேலையும் ஒருநாள் ஏஜெண்டின் கைக்குப் போகலாம். அப்போது அதன் முன் இருக்கும் குறிப்பில் எல்லைப்புறத்துச் சொல் இருக்குமா என்பதே கேள்வி.

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. புரோகிராம் எழுதுவது நிபுணர் வேலை. "கடலை என்றால் எங்கள் ஊரில் இது" என்று எழுதுவது அங்கன்வாடி டீச்சர், குடும்பஸ்ரீ சகோதரி, எஸ்டேட் பள்ளி ஆசிரியர், மளிகைக் கடைக்காரர் யாராலும் முடியும். ஒரு நாற்பது பக்க நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் மலையாளச் சொல், அருகில் ஒரு படிக்குக் கிராம் எடை, விளையும் மாதம், யாருக்கு ஆகாது என்ற விவரம். மீலி, டான்டூர், குரோசி போன்ற திறந்த புரோகிராம்களில் இப்படிப்பட்ட விவரங்களைச் சேர்க்கத் தடையில்லை. தமிழ்ச் சங்கங்களும் நூலகங்களும் மனம் வைத்தால் ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு நோட்டு என்று ஆரம்பிக்கலாம். முதல் பக்கத்தில் கடலையை எழுதலாம்.